கொழுப்பு மாத்திரையைப் பாதியில் விடுபவரிடம் செவிலியர் எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி: காவிரி டெல்டாவில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், என்சிடி (தொற்றா நோய்) கிளினிக்கில் செவிலியராக இருக்கிறேன். பிரஷர், சுகர் என்றால் எனக்குத் தயக்கமில்லை. கொழுப்பு விஷயத்தில்தான் தடுமாறுகிறேன். 54 வயதுக் கொத்தனார் ஒருவர் வருகிறார். எட்டு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர். அட்டோர்வாஸ்டாட்டின் 40 எழுதியிருக்கிறார்கள். மருத்துவமனையில் சேர்ந்த அன்று எடுத்த எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 148, போன வாரம் எடுத்தது 139. "ஒழுங்காத்தான் சாப்பிடுறேன் சிஸ்டர்" என்கிறார். கால் வலிக்கிறது, கல்லீரலும் கெட்டுப்போகும் என்று யாரோ சொன்னதால் பாதி நாள் விட்டுவிடுகிறார் என்று அவர் மனைவி தனியாக என்னிடம் சொன்னார். டோஸைக் கூட்டலாமா என்று டாக்டர் யோசிக்கிறார். ஒரு நோயாளிக்கு எனக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். அதில் எதைக் கேட்பது, எதைச் சொல்வது, எங்கே நிறுத்திக்கொள்வது?

பதில்:

சகோதரிக்கு வணக்கம். விடையில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அந்த இரண்டு எண்களையும் பாருங்கள். அட்டோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம் தினமும் உள்ளே போனால் எல்டிஎல் ஏறக்குறைய பாதியாகும். 148 இருந்தவருக்கு இப்போது 74 பக்கத்தில் இருக்க வேண்டும். இருப்பதோ 139. குறைந்தது வெறும் 6 சதவீதம். பாதி நாளாவது சாப்பிடுகிறவருக்குக்கூட இதைவிட நன்றாகவே இறங்கும். அப்படியானால் மனைவி நினைப்பதைவிட அதிக நாட்கள் விட்டுப்போயிருக்கிறது, அல்லது சாப்பிடுகிற நாளிலும் முழு அளவு உள்ளே போகவில்லை.

டோஸைக் கூட்டுவதைப் பற்றி ஒரு கணக்கு. அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் வகை மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கினால் எல்டிஎல் கூடுதலாக இறங்குவது சுமார் 6 சதவீதம்தான். 40 போய் 80 வந்தாலும், சாப்பிடாத மாத்திரை எத்தனை மில்லிகிராமாக இருந்து என்ன? வலிக்குப் பயந்து விட்டவர், சீட்டில் 80 என்று பார்த்தால் மிச்சத்தையும் விட்டுவிடுவார். டோஸை மாற்றுவதற்கு முன், மாத்திரை உள்ளே போகிறதா, போகவில்லை என்றால் எதனால் என்று கண்டுபிடிப்பதுதான் கொழுப்புச் சிகிச்சையில் செவிலியரின் முதல் வேலை. அந்த விவரம் டாக்டருக்கு உங்கள் வழியாகத்தான் போக முடியும். உணவு, நடை, புகை எல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

சுகர் ஏறினால் தாகம் எடுக்கும், அடிக்கடி சிறுநீர் போகும். பிரஷர் மாத்திரையை விட்டால் சிலருக்காவது தலை கனக்கும். கொழுப்பு ஏறினாலும் ஒன்றும் தெரியாது, இறங்கினாலும் ஒன்றும் தெரியாது. மாத்திரையை நிறுத்தினால் உடம்புக்கு நன்றாக இருப்பது போலவேகூடத் தோன்றும். இப்படி உடம்பைக் கேட்டு முடிவெடுக்கிற நோயாளியை நாம் குறை சொல்லக் கூடாது. உடம்பு சொல்லாததை அவருக்கு எடுத்துச் சொல்வது அந்த ரத்தப் பரிசோதனை எண் மட்டும்தான். அந்த எண்ணை அவருடையதாக்குவது உங்கள் கையில் இருக்கிறது.

முதலில் கேட்கும் விதம். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் "ஆமா" என்றுதான் சொல்வார்கள். அது கேள்வியாகக் காதில் விழாது, மிரட்டலாக விழும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "தினமும் மாத்திரை போடுறது யாருக்குமே கஷ்டம்தாண்ணே. போன வாரம் ஏழு நாள்ல எத்தனை நாள் விட்டுப்போச்சு?" விடுவது சகஜம் என்று நீங்களே சொல்லிவிட்டதால் அவருக்கு மறைக்கத் தோன்றாது. ஒரு வாரம் என்று எல்லை வைத்ததால் நினைவிருந்து சொல்வார். "ரெண்டு மூணு நாள்" என்று வந்தால், "எந்த நேரத்துல விட்டுப்போகுது? ராத்திரியா, வேலைக்குக் கிளம்புற அவசரத்துலயா?" என்று தொடருங்கள். முகம் மாற வேண்டாம், பெருமூச்சும் வேண்டாம். மனைவி சொன்னதை மட்டும் ஒருபோதும் அவர் முன் போட்டு உடைக்காதீர்கள். அடுத்த மாதம் அந்த அம்மா உங்களிடம் எதுவும் சொல்ல மாட்டார்.

அடுத்தது பை. வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லி, மேசை மேல் கொட்டுங்கள். சீட்டைப் படிப்பதைவிட இது பத்து மடங்கு பலன் தரும். பல நிலையங்களில் இருப்பது அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் மாத்திரை. 2023-ல் தமிழக அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்பு என்று வருபவருக்கு உடனே கொடுக்கும் 14 மாத்திரைகளில் எட்டு இந்த 10 மில்லிகிராம்தான். சீட்டில் 40 என்று இருக்கும், கையில் இருப்பது 10. நான்கு மாத்திரை சேர்த்துப் போட வேண்டும். "ஒரே மாத்திரைய நாலு போடுறதா? எழுத்துல ஏதோ தப்பு" என்று நினைத்து ஒன்று மட்டும் போடுபவர்கள் உண்டு. உங்கள் கொத்தனாரிடம் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கால்வாசி அளவு, அதுவும் பெரும்பாலான நாள் இல்லை என்றால் 139 வந்ததில் ஆச்சரியமில்லை.

இன்னொரு குழப்பம், ஸ்டென்ட் வைத்த மருத்துவமனை கொடுத்த மாத்திரையும் அரசு மாத்திரையும் கலந்துவிடுவது. தனியார் சீட்டில் ஆஸ்பிரினும் ஸ்டாட்டினும் ஒரே காப்ஸ்யூலில் இருக்கும். அது தீர்ந்ததும் இங்கே ஆஸ்பிரின் மட்டும் வாங்கிப் போவார், கூட இருந்த ஸ்டாட்டின் விட்டுப்போனது அவருக்குத் தெரியாது. சிலர் இரண்டையும் சேர்த்தே போடுவார்கள். ஒவ்வொரு அட்டையின் பின்பக்கமும் உள்ள மருந்துப் பெயரைப் படித்து, "இது ரத்தம் உறையாம இருக்க, இது கொழுப்புக்கு, இது பிரஷருக்கு" என்று தனித்தனியாகப் பிரித்து வையுங்கள். அட்டை மேல் மார்க்கரில் சூரியன், நிலா வரைந்து கொடுத்தால் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுபவருக்கும் புரியும்.

மாத்திரையை எண்ணுவதும் இந்த நேரத்தில்தான். கொடுத்தது 30 நாளுக்கு, நாளைக்கு 4 வீதம் 120. இன்று 28-ஆம் நாள். 112 போயிருக்க வேண்டும், மிச்சம் 8 இருக்க வேண்டும். மிச்சம் 64 என்றால் உள்ளே போனது 56, அதாவது பாதி. 80 சதவீதத்துக்குக் கீழே போனால், டோஸைப் பற்றிப் பேசும் முன் காரணத்தைப் பேச வேண்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. எண்ணப் போகிறீர்கள் என்று தெரிந்தால் மிச்சத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். அதனால் எண்ணிக்கையையும் எல்டிஎல் எண்ணையும் சேர்த்தே பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ரத்தத்தை நம்புங்கள்.

இனி கால் வலி. இதை நிதானமாகக் கேளுங்கள், ஏனென்றால் ஸ்டாட்டினை நிறுத்துவதற்கு நோயாளிகள் சொல்லும் காரணங்களில் இதுதான் முன்னால் நிற்கும். ஸ்டாட்டினால் வரும் தசை வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். தொடை, இடுப்பு, ஆடுசதை, தோள் என்று பெரிய தசைகளில் வரும். மாத்திரை தொடங்கிய அல்லது கூட்டிய சில வாரங்களில் ஆரம்பிக்கும். மாடிப்படி ஏறும்போது, குத்துக்காலிட்டு எழும்போது தொடையில் பலம் போனது போல இருக்கும். ஒரே முட்டியில் மட்டும் வலி, முதுகிலிருந்து ஒரு காலில் இழுக்கும் வலி, பாதம் எரிவது, ராத்திரி மரத்துப்போவது இவற்றுக்கெல்லாம் வேறு காரணம் தேட வேண்டும். நடந்தால் ஆடுசதை பிடித்து, நின்றால் விடும் வலி என்றால் அது காலுக்குப் போகும் ரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். அந்த ஆளுக்கு ஸ்டாட்டின் இன்னும் அவசியம். கை விரலால் இரண்டு பாதங்களிலும் நாடி பார்த்துவிட்டு டாக்டரிடம் அனுப்புங்கள்.

வலி உண்மையிலேயே மாத்திரையால்தான் என்று தோன்றினால் டாக்டர் சிகே என்ற தசை நொதியையும் தைராய்டுக்கு டிஎஸ்ஹெச்சையும் கேட்பார். தைராய்டு குறைவு இருந்தால் கொழுப்பும் ஏறும், ஸ்டாட்டினால் வரும் தசை வலியும் கூடும். மூல காரணம் அங்கே இருக்க, நாம் மாத்திரையைத் திட்டிக்கொண்டிருப்போம். சிகே எடுக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். முந்தின நாள் சிமென்ட் மூட்டை தூக்கியவருக்கு, தொடையில் ஊசி போட்டவருக்கு சிகே தானாகவே ஏறியிருக்கும். இரண்டு நாள் கனமான வேலை இல்லாமல் இருந்துவிட்டு வரச் சொல்லுங்கள், முடியாவிட்டால் சீட்டிலேயே "முந்தின நாள் கடின வேலை" என்று எழுதுங்கள். சிகே இயல்பு அளவின் உச்ச வரம்பைவிடப் பத்து மடங்கு தாண்டினால் மாத்திரையை உடனே நிறுத்துவார்கள். வலி கடுமையாகி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் பரிசோதனைக்குக்கூடக் காத்திருக்கக் கூடாது. மாத்திரையை நிறுத்தி அன்றே மருத்துவமனை. இது மிக அரிது. ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

பெரும்பாலானவர்களுக்கு இந்த வலி மாத்திரையால் இல்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் சாம்சன் என்ற பெயரில் ஓர் ஆய்வு நடத்தி 2020-ல் வெளியிட்டார்கள். பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை விட்டுவிட்ட 60 பேரை எடுத்து, ஓராண்டில் நான்கு மாதம் ஸ்டாட்டின், நான்கு மாதம் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, நான்கு மாதம் எதுவுமில்லை என்று கலைத்துக் கலைத்துக் கொடுத்தார்கள். மாத்திரை போட்ட மாதங்களில் எது ஸ்டாட்டின், எது வெற்று என்று அவர்களுக்குத் தெரியாது. ஸ்டாட்டின் மாதங்களில் சொன்ன தொல்லையில் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதங்களிலும் இருந்தது. முடிவைக் காட்டிய பிறகு பாதிப் பேர் திரும்ப மாத்திரை தொடங்கினார்கள். இதை வைத்துக்கொண்டு நோயாளியிடம் "எல்லாம் உங்க மனசுதான்" என்று சொல்லிவிடாதீர்கள். வலி நிஜம். அதைக் கொண்டுவருவது இந்த மாத்திரைதானா என்பதே கேள்வி. "வலி இருக்குங்குறத நம்புறேண்ணே. அது இந்த மாத்திரையாலதானான்னு டாக்டர் கண்டுபிடிப்பார். நீங்களா நிறுத்திட்டா அதக் கண்டுபிடிக்கவே முடியாது" என்று சொல்லுங்கள். டாக்டர் இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்திப் பார்த்து, வலி போனால் குறைந்த அளவில் அல்லது ரோசுவாஸ்டாட்டின் போல வேறொன்றில் மறுபடி தொடங்குவார். அதற்கும் ஒத்துக்கொள்ளாதவருக்கு எசெட்டிமிப் 10 மில்லிகிராம் இருக்கிறது. அது குடல் வழியாகக் கொழுப்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். வழிகள் பல இருக்கின்றன என்று தெரிந்தாலே நோயாளியின் பயத்தில் பாதி இறங்கும்.

அவர் வலிக்கு என்ன போடுகிறார் என்பதையும் கட்டாயம் கேளுங்கள். கொத்து வேலை செய்பவர்கள் மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவது சாதாரணம். ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் எடுப்பவருக்கு அது இரைப்பையில் ரத்தக் கசிவைக் கொண்டுவரலாம். என் கணக்கில், கொழுப்பு மாத்திரையைவிட அந்த வலி மாத்திரைதான் அவருக்கு இப்போது பெரிய ஆபத்து.

கல்லீரல் பயத்துக்கு நேரடியாகப் பதில் சொல்லுங்கள். மாத்திரை தொடங்கும் முன் எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதியைப் பார்த்திருப்பார்கள். தொடங்கிய பின் அது கொஞ்சம் ஏறுவது உண்டு, தானே இறங்கும். உச்ச வரம்பைவிட மூன்று மடங்கு தாண்டினால்தான் நிறுத்தி யோசிக்க வேண்டும். ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று வந்தவர்கள் ஸ்டாட்டின் எடுக்கக் கூடாது என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு, அவர்களுக்கு இதய ஆபத்து அதிகம் என்பதால் மாத்திரை இன்னும் தேவை. கண் மஞ்சளானாலோ, வலப்பக்க விலாவுக்குக் கீழே வலித்துப் பசி அடியோடு போனாலோ உடனே வரச் சொல்லுங்கள். ஸ்டாட்டினால் சுகர் சிறிது கூடலாம் என்பதும் உண்மை. ஆனால் மாரடைப்பைத் தடுக்கும் பலன் அதைவிட மிகப் பெரியது. நோயாளி கேட்டால் மறைக்காமல் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

எதற்காக இந்த மாத்திரை என்பதை அவர் தொழிலிலிருந்தே எடுத்துச் சொல்லலாம். "சுவர்ல விரிசல் விட்ட இடத்தப் பூசிட்டோம், அதுதாண்ணே ஸ்டென்ட். ஆனா அடியிலிருந்து ஓதம் ஏறிக்கிட்டே இருந்தா இன்னொரு இடத்துல பூச்சு பெயருமா இல்லையா? ஓதத்தத் தடுக்குறதுதான் இந்த மாத்திரை." கொத்தனாருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஸ்டென்ட் ஒரு குழாயில் ஓர் அங்குல இடத்தைத்தான் திறந்து வைத்திருக்கிறது. மற்ற குழாய்களில் படிவதைக் குறைப்பது, படிந்ததை வெடிக்காமல் உறுதிப்படுத்துவது ஸ்டாட்டினின் வேலை. சொல்லி முடித்ததும், "வீட்டுல அக்கா கேட்டா என்னன்னு சொல்வீங்க?" என்று கேட்டு அவர் வாயால் சொல்ல வையுங்கள். புரியாத இடம் அப்போது தெரியும்.

எண்களைப் பற்றியும் தெளிவாக இருங்கள். மாரடைப்பு வந்தவருக்கு எல்டிஎல் 55-க்குக் கீழே வர வேண்டும் என்பது இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். சுகர், பிரஷர் உள்ளவருக்கு 70-க்குக் கீழே, ஆபத்து குறைந்தவருக்கு 100-க்குக் கீழே. ஆய்வகச் சீட்டில் "130 வரை இயல்பு" என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து "நார்மல்தான்" என்று சொல்லி அனுப்பிவிடக் கூடாது. அந்த வரம்பு அவருக்கானது அல்ல.

எல்டிஎல் பெரும்பாலும் கணக்குப் போட்டு எழுதப்படுகிறது: மொத்தக் கொழுப்பிலிருந்து ஹெச்டிஎல் என்ற நல்ல கொழுப்பைக் கழித்து, டிரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். மொத்தம் 212, ஹெச்டிஎல் 37, டிரைகிளிசரைடு 180 என்றால் 212-லிருந்து 37-ம் 36-ம் போக 139. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். அப்போது மொத்தத்திலிருந்து ஹெச்டிஎல்லை மட்டும் கழித்து வரும் எண்ணைப் பாருங்கள். அதன் இலக்கு எல்டிஎல் இலக்கைவிட 30 கூடுதல். வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. இதற்காகவே ஒரு நாள் கூலியை விட்டு வருபவரைச் சாப்பிட்டுவிட்டார் என்று திருப்பி அனுப்பாதீர்கள். டிரைகிளிசரைடு 400-க்கு மேல் வந்தவரை மட்டும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றில், தண்ணீர் மட்டும் குடித்து, மறுபடி வரச் சொல்லலாம். 500-ஐத் தாண்டினால் அன்றே டாக்டருக்குத் தெரிய வேண்டும், வயிற்று வலியும் இருந்தால் கணைய அழற்சியாக இருக்கலாம்.

மாரடைப்பு வந்து ஒரு நாள் கழிந்த பிறகு எடுத்த எல்டிஎல், இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும், சில வாரம் அப்படியே இருக்கும். உங்கள் கொத்தனாருக்குச் சேர்ந்த அன்றே எடுத்ததால் 148-ஐ நம்பலாம். வேறு யாருக்காவது மருத்துவமனையிலிருந்து வரும்போது 80 என்று இருந்து பிறகு 130 வந்தால், மாத்திரையை விட்டுவிட்டார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். மாத்திரை தொடங்கிய அல்லது மாற்றிய நான்கு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் ஒரு பரிசோதனை, பிறகு மூன்று முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒன்று. அவருடைய நோட்டின் பின் அட்டையில் தேதி, எல்டிஎல், இலக்கு மூன்றையும் பெரிதாக எழுதுங்கள். "148, 139, போக வேண்டியது 55" என்று அவர் கண்ணால் பார்க்கட்டும்.

நேரம் பற்றி: அட்டோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் உடம்பில் நெடுநேரம் நிற்பவை, எந்த நேரத்திலும் போடலாம். சிம்வாஸ்டாட்டின் மட்டும் இரவில். "ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம்" என்று எழுதியதாலேயே, அசந்து தூங்கிப்போய் விட்டுவிடும் உழைப்பாளிகள் நிறையப் பேர். காலையில் பல் விளக்கியதும் போடலாமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு மாற்றிக் கொடுங்கள். ஒரு நாள் மறந்தால் அன்றே நினைவு வரும்போது போடலாம், மறுநாள் இரட்டிப்பாகப் போடக் கூடாது. சளி, இருமலுக்கு வெளியே கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதினால் ஸ்டாட்டின் எடுப்பதைச் சொல்ல வேண்டும் என்றும் கற்றுக்கொடுங்கள், இரண்டும் சேர்ந்தால் தசைப் பாதிப்பு கூடும். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களுக்கு மாத்திரை கொடுக்கும்போது மாதவிலக்குத் தேதியைக் கேட்பது உங்கள் பழக்கமாகட்டும். கர்ப்பம் என்றாலோ, கர்ப்பத்துக்குத் திட்டமிட்டாலோ டாக்டரிடம் திருப்பி அனுப்புங்கள்.

சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது "எண்ணெயைக் குறைங்க" என்று முடித்துவிடாதீர்கள். சமைப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி: "மாசம் எத்தனை லிட்டர் வாங்குறீங்க, வீட்டுல எத்தனை பேரு?" ஒருவருக்கு மாதம் அரை லிட்டர், அதாவது நாளைக்கு மூன்று டீஸ்பூன் அளவு, என்று வைத்தால் நான்கு பேர் வீட்டுக்கு இரண்டு லிட்டர். நான்கு லிட்டர் வாங்குகிறார்கள் என்றால் எங்கே போகிறது என்று அவர்களே சொல்வார்கள். ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலைத் தூக்கிப் போடு என்று சொல்வது அந்த வீட்டு வரவு தெரியாத பேச்சு. அதில் எல்டிஎல்லை ஏற்றும் பூரிதக் கொழுப்பு பாதிக்குச் சற்றுக் குறைவு, நல்லெண்ணெயில் ஏழில் ஒரு பங்குதான். தாளிக்கவும் குழம்புக்கும் கடலை எண்ணெய் அல்லது நல்லெண்ணெய் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு, பாமாயிலில் பொரிப்பதை மாதம் ஒரு முறை இரு முறை என்று சுருக்கி, பொரித்த எண்ணெயைத் திரும்பக் காய்ச்சாமல் இருக்கச் சொல்லுங்கள். பாக்கெட்டில் "கொலஸ்ட்ரால் இல்லை" என்று போட்டிருப்பது எந்தத் தாவர எண்ணெய்க்கும் பொருந்தும். அதில் கொழுப்பே ஏறாது என்று அர்த்தமில்லை. செக்கில் ஆட்டினாலும் தேங்காய் எண்ணெயில் பூரிதக் கொழுப்பு பத்தில் எட்டுப் பங்குக்கு மேல்தான்.

வேலையிடத்தில் பத்தரை மணிக்கு டீயும் இரண்டு வடையும் என்றால், அதே கடையில் சுண்டலோ அவித்த கடலையோ கிடைக்குமா என்று கேளுங்கள். டிரைகிளிசரைடு அதிகமென்றால் எண்ணெயைவிட டீயில் போடும் சர்க்கரை, குவித்த சோறு, மது இவற்றைப் பாருங்கள். பீடி பிடிப்பவர் என்றால், அதை நிறுத்துவது அவருடைய இதயத்துக்கு இந்த உணவு மாற்றங்கள் எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி. வெந்தயம், பூண்டு, கொள்ளு எல்லாம் சாப்பாட்டில் இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் கவனமான உணவால் எல்டிஎல் 10, 15 சதவீதம் இறங்கினாலே அதிகம். 148-ஐ 55-க்குக் கொண்டுவர உணவால் மட்டும் முடியாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால், "பூண்டு சாப்பிடுறேன், மாத்திரை வேண்டாம்" என்று அடுத்த மாதம் வருவார்.

நீங்கள் பிரஷர் பார்க்கக் கையைப் பிடிக்கும் அந்த ஒரு நிமிடத்தில் இன்னொன்றும் செய்யலாம். விரல் முட்டிகளின் மேல் கட்டி கட்டியாக இருக்கிறதா, குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண் தடித்திருக்கிறதா, 45 வயதுக்குள்ளேயே கருவிழி விளிம்பில் வெள்ளை வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். எல்டிஎல் 190-க்கு மேல் இருந்து இவற்றில் ஒன்றும் இருந்தால், அது பரம்பரைக் கொழுப்பு நோயாக இருக்கலாம். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் அனைவருக்கும் ரத்தம் பார்க்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கல்யாணம் நடந்திருந்தால் பிள்ளைகளை விட்டுவிடவே கூடாது. இருபக்கமும் அந்த மரபணு வந்த குழந்தைக்குப் பத்து, பதினைந்து வயதிலேயே மாரடைப்பு வரக்கூடும்.

எங்கே நிறுத்துவது என்று கேட்டிருந்தீர்கள். அளவைக் கூட்டுவது, குறைப்பது, வேறு மாத்திரைக்கு மாற்றுவது டாக்டரின் வேலை. ஆனால் அவர் முடிவெடுக்கத் தேவையான வரியை எழுதுவது உங்கள் வேலை. "டாக்டர், மாத்திரை சரியா எடுக்கலை" என்பது போதாது. "40-க்கு 10 மட்டும் எடுக்கிறார், வாரம் மூன்று நாள் இல்லை; இரு தொடையிலும் வலி, இரண்டு மாதமாக; டைக்ளோஃபெனாக் போடுகிறார்; சிறுநீர் நிறம் இயல்பு" என்று சீட்டில் எழுதிவிட்டால் அவருடைய இரண்டு நிமிடம் நான்கு நிமிடமாகப் பயன்படும்.

இது ஒரு வருகையில் முடிவதல்ல. பத்தாம் நாள் ஒரு போன், ஆறாம் வாரம் ரத்தப் பரிசோதனை, பிறகு மாதாமாதம் மாத்திரை வாங்க வரும் தேதியைக் கவனிப்பது. தேதி தாண்டி ஒரு வாரம் ஆகியும் வரவில்லை என்றால் மாத்திரை மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். இப்படி விடாமல் தொடர்வது பலன் தரும் என்பதற்குச் சான்று இருக்கிறது. இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் மாரடைப்பு நோயாளிகளைச் சுகாதாரப் பணியாளர்கள் ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2016-ல் வெளியானது. தொடர்ந்து மாத்திரை எடுத்தவர்கள் அந்தக் குழுவில் 97 சதவீதம், இப்படிப் பின்தொடராத குழுவில் 92. ஐரோப்பாவில் எட்டு நாடுகளில் செவிலியரை மையமாக வைத்து நடந்து 2008-ல் முடிவு வெளியான யூரோஆக்‌ஷன் ஆய்வில், நோயாளியோடு கணவன் அல்லது மனைவியையும் சேர்த்தே பேசினார்கள், குடும்பத்தின் உணவுப் பழக்கமே மாறியது. உங்கள் பகுதியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலர் பிரஷர், சுகர் மாத்திரைகளைத்தான் பெரும்பாலும் கேட்பார். "கொழுப்பு மாத்திரையும் இருக்கா, எத்தனை மிச்சம்?" என்ற கேள்வியை அவருக்கும் சொல்லிக் கொடுங்கள்.

கொத்தனார் அடுத்த முறை வரும்போது மனைவியையும் கூட்டிவரச் சொல்லுங்கள். பத்தாம் நாள் போனுக்கு அந்த அம்மாவின் எண்ணையும் நோட்டில் எழுதி வையுங்கள். சாரத்தின் மேல் நின்று வேலை பார்க்கிறவர் பகலில் போனை எடுக்க மாட்டார்.